இயங்குதளம் நிறுவும்போது கணினி ஹேங் ஆனால்

இயங்குதளம் நிறுவும் அரைமணி நேரம், கணினி கடுமையாக உழைக்கும் நேரம். பல ஜிகாபைட் அளவுள்ள கோப்புகள் பென்டிரைவிலிருந்து படிக்கப்படுகின்றன. சுருக்கி அடைக்கப்பட்ட அவற்றைப் பிராசசர் விரிக்கிறது. விரிந்தவை ராம் வழியாகச் சென்று ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. அதே நேரத்தில் கிராபிக்ஸ், வைஃபை, ஆடியோ என ஒவ்வொரு பாகத்தையும் புதிய இயங்குதளம் முதன்முறையாக அடையாளம் கண்டு இயக்கிப் பார்க்கிறது. மின்னஞ்சல் பார்ப்பதற்கும் கடிதம் தட்டுவதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்த கணினியில் வெளியே தெரியாமல் இருந்த பழுது இந்த நேரத்தில்தான் தெரியவரும். ஆகவே, "பழைய விண்டோஸில் நன்றாகத்தானே ஓடியது" என்பதை வைத்து வன்பொருள் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஹேங் ஆனது என்பதற்காகப் புதிய இயங்குதளத்தின் மேல் பழி போடவும் கூடாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட், பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் ஆகியவை இல்லாத கணினிகள் ஏராளம். அவற்றில் பல இன்னும் நன்றாக உழைக்கக்கூடியவை. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் மறுவாழ்வு தருகின்றன. இந்த அத்தியாயத்தில் லினக்ஸ் மின்ட் நிறுவலையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். விண்டோஸுக்கு மட்டும் உரியவற்றைத் தனிப் பகுதியில் காணலாம்.

அத்தியாயம் முழுவதும் நினைவில் இருக்கவேண்டிய விதி ஒன்றுதான்: கணினி எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படங்கள், ஆவணங்கள், கணக்கு வழக்குகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகே நிறுவலைத் தொடங்க வேண்டும். எடுக்காமல் தொடங்கி, நடுவில் ஹேங் ஆகியிருந்தால் மறுபடி நிறுவ முயல வேண்டாம். மின்ட் பென்டிரைவிலிருந்தே நேரடியாக இயங்கக்கூடியது. அந்த நேரடி அமர்வில் கோப்பு மேலாளரைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கில் மிச்சமுள்ளதை முதலில் வெளியே எடுங்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், பயாஸில் செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. உண்மையிலேயே நின்றுவிட்டதா?

நின்றதுபோல் தோன்றும் பல கணினிகள் உண்மையில் நிற்பதில்லை. பவர் பொத்தானை அழுத்துமுன் இவற்றைப் பாருங்கள்.

● கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிருடன் இருக்கிறது. திரையோ நிறுவும் நிரலோ மட்டும்தான் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி முழுதாக நின்றுவிட்டது. லினக்ஸ் நிறுவும்போது மடிக்கணினியின் கேப்ஸ் லாக் விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால், இயங்குதளத்தின் கருவான கெர்னலே தாங்க முடியாத பிழையில் விழுந்துவிட்டது என்று பொருள்.

● ஹார்ட் டிஸ்க் விளக்கையும், விளக்குள்ள பென்டிரைவ் என்றால் அதையும் கவனியுங்கள். மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க், மெதுவான பென்டிரைவ் இரண்டும் சேர்ந்தால் ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்பது இயல்பு. அரைமணி நேரம் பொறுங்கள்.

● மின்ட் நிறுவும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வந்தால் கெர்னல் நலம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம்.

● விண்டோஸ் 7 நிறுவும்போது விசைப்பலகையும் மவுஸும் மட்டும் செத்துப்போனால் அது ஹேங் அல்ல. அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பில் யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் கிடையாது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் இருந்தால் அதில் செருகினால் வேலை செய்யும். ஆனாலும் 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்த அந்தப் பதிப்பை இப்போது நிறுவாமல் இருப்பதே நல்லது.

லினக்ஸில் முழுதாக நின்ற கணினியை அணைப்பதற்கு முன், ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சில நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எழுதாமல் மிச்சமிருக்கும் தரவை எழுதி முடித்து, டிஸ்க்கைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்து, கணினி தானே மறுதொடக்கம் ஆகும். அதற்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.

2. இரண்டாம் முறையும் அதே இடத்திலா?

முதல் முறை நின்றதும் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாமல் இன்னொரு முறை நிறுவிப் பாருங்கள். இந்த இரண்டாம் ஓட்டத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைவது இதனால்தான்.

● இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால்: பென்டிரைவில் கெட்டுப்போன கோப்பு, ஒரு குறிப்பிட்ட பாகத்துக்கு ஒத்துவராத டிரைவர், ஹார்ட் டிஸ்க்கில் பழுதான ஒரு பகுதி ஆகிய மூன்றில் ஒன்று.

● ஒரு முறை 20 சதவீதத்தில், மறுமுறை 70 சதவீதத்தில், அடுத்து மொழி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே என்று இடம் மாறினால்: ராம், சூடு, மின்சாரம், பிராசசரின் ஓய்வுநிலைச் சிக்கல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

இனி வரும் பகுதிகளில் உங்கள் கணினியின் நடத்தைக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

3. மெனுவைத் தாண்டியதும் திரை கறுத்துவிட்டால்

பென்டிரைவின் மெனு வருகிறது. "ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுக்கிறது, அல்லது மின்ட் சின்னத்தோடு அப்படியே நிற்கிறது. பெரும்பாலும் இது கிராபிக்ஸ் சிக்கல். என்விடியா கார்டு உள்ள கணினிகளிலும், இன்டெல் கிராபிக்ஸ், என்விடியா இரண்டும் சேர்ந்த மடிக்கணினிகளிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

காரணம் இதுதான். கணினி தொடங்கிய சில நொடிகளில் லினக்ஸ் கெர்னல் திரையின் பொறுப்பைப் பயாஸிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு அந்தந்த கார்டுக்கான டிரைவர் வேண்டும். என்விடியாவுக்கு மின்ட் தொடக்கத்தில் பயன்படுத்துவது 'நூவோ' என்ற திறந்தமூல டிரைவர். அது என்விடியாவின் கார்டுகள் இயங்கும் விதத்தை வெளியிலிருந்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கியது. எல்லாக் கார்டுகளோடும் அது ஒத்துப்போவதில்லை.

செய்ய வேண்டியவை:

1. பென்டிரைவ் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உபுண்டுவில் இதற்கு நிகரானது 'சேஃப் கிராபிக்ஸ்'.

2. அது பலிக்கவில்லை என்றால், மெனுவின் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'நோமோட்செட்' என்று தட்டுங்கள். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு எஃப்10 அழுத்துங்கள்.

3. திரை வந்துவிட்டால் நிறுவலை முடியுங்கள். தெளிவு குறைவாகவும் எழுத்துகள் பெரிதாகவும் தெரிந்தால் கவலை வேண்டாம்.

4. இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும். நிறுவி முடித்து ஹார்ட் டிஸ்க்கிலிருந்து முதன்முறை தொடங்கும்போது மீண்டும் திரை கறுக்கலாம். அப்போதும் மெனுவில் அதே சொல்லைச் சேர்த்து உள்ளே செல்லுங்கள். மெனு வரவில்லை என்றால், தயாரிப்பாளரின் சின்னம் மறைந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் முறையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள்.

5. உள்ளே சென்றதும் 'டிரைவர் மேனேஜர்' நிரலைத் திறந்து, அது பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் அதே தொல்லைதான்.

அந்த இரு சொற்களையும் அழிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. சின்னத்துக்குப் பதிலாகக் கெர்னலின் செய்திகள் வரிவரியாக ஓடும். நின்றுபோனால் கடைசி சில வரிகளைப் படம் எடுங்கள். எந்தப் பாகத்தை இயக்கும்போது நின்றது என்பதற்கான துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

4. ஒரே சதவீதத்தில் நின்றால்

இங்கே வரிசை முக்கியம். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், பென்டிரைவில் எழுதுவதற்காக நீங்கள் இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பு. இறக்கும்போது இணையம் விட்டுவிட்டு வந்தால் கோப்பு சிதையலாம். லினக்ஸ் மின்ட் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்பு எண் தரப்பட்டிருக்கும். கோப்பைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் நிரலில் அதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள சரிக்குறியை அழுத்தினால் உங்களிடம் உள்ள கோப்பின் எண் தெரியும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

அடுத்தது பென்டிரைவ். கோப்பு சரியாக இருந்தும் பென்டிரைவ் கெட்டிருக்கலாம். வேறொரு பென்டிரைவில் புதிதாக எழுதுங்கள். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டைத் தவிர்த்து, மதர்போர்டோடு நேரடியாக இணைந்த பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். யு.எஸ்.பி. ஹப் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். மின்டின் நேரடி அமர்வில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து, சாட்டா டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் டிஸ்க்கின் நலம் காட்டும் ஸ்மார்ட் தரவைக் கேளுங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் மூன்று வரிகள் போதும்.

● எண் 5: பழுதானதால் டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவைத்து, மாற்று இடம் தந்த செக்டர்களின் எண்ணிக்கை. இது நாளுக்கு நாள் கூடினால் டிஸ்க் முடிவை நெருங்குகிறது.

● எண் 197: படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். இது பூஜ்யம் இல்லை என்றால் நிறுவல் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். உடனே தரவை நகல் எடுங்கள். அந்த டிஸ்க்கில் புதிய இயங்குதளம் நிறுவ வேண்டாம்.

● எண் 199: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை. இது கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். புதிய கேபிள் ஒன்றோடு முடியும் வேலைக்குப் புது டிஸ்க் வாங்கிவிடாதீர்கள்.

பென்டிரைவா, டிஸ்க்கா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் கெர்னல் செய்திகளைப் படியுங்கள். டெர்மினலில் சூடோ என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் அவை வரும். 'ஐ/ஓ எரர்' என்ற வரியில் எந்தச் சாதனத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் சந்தேகத்துக்குரியது. 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வந்தால், நிறுவல் கோப்புகளைப் படித்து விரிப்பதில் சிக்கல். பென்டிரைவை மாற்றுங்கள், மாற்றியும் வந்தால் ராமைச் சோதியுங்கள்.

5. இடம் மாறி மாறி நின்றால்

ராம்: கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, ராமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இரு பக்கக் கொக்கிகளும் பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். நம் ஊர்க் கடைகளில் முதலில் செய்வது இதுதான். பல நேரம் இதுவே போதுமானது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு நிறுவிப் பாருங்கள், பிறகு மற்றதை. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேகக்கூட்டல் இயக்கப்பட்டிருந்தால் அணையுங்கள்.

உறுதியான பதில் வேண்டும் என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைத் தனிப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் இது புதிய யு.இ.எஃப்.ஐ. கணினிகளிலும் ஓடுகிறது. இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் தெரிந்தாலும் அந்த அமைப்பில் இயங்குதளம் நிறுவக் கூடாது. பிழையுள்ள ராம் வழியாகச் சென்று எழுதப்படும் கோப்புகள் சத்தமில்லாமல் கெடும். நிறுவல் எப்படியோ முடிந்துவிட்டாலும் பிறகு உங்கள் ஆவணங்கள் கெடும்.

சூடு: தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்தே நிற்கிறது, உடனே மறுபடி தொடங்கினால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது என்றால் சூடுதான் முதல் சந்தேகம். டெஸ்க்டாப் பயாஸின் வன்பொருள் கண்காணிப்புப் பக்கத்தில் பிராசசரின் வெப்பம் தெரியும். எந்த வேலையும் செய்யாத அந்தப் பக்கத்திலேயே அது 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. தூசியைத் தூரிகையால் நீக்குங்கள்; புளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து நிறுவாதீர்கள்.

மின்சாரம்: டெஸ்க்டாப்பில் எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். பயாஸ் காட்டும் எண் இதற்கு வெளியே இருந்தால், வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாட்டிச் சோதியுங்கள். மடிக்கணினியைச் சார்ஜர் இணைத்தே நிறுவுங்கள். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். இருப்பது நல்லது.

பிராசசரின் ஓய்வுநிலை: வன்பொருள் எல்லாம் நலமாக இருந்தும் நிற்கும் இரண்டு வகைக் கணினிகள் உண்டு. ஒன்று, இன்டெலின் பே டிரெய்ல் வகை: செலிரான் என்2840, பென்டியம் என்3540, செலிரான் ஜே1900 போன்றவை. வேலை குறைந்ததும் இவை ஆழ்ந்த ஓய்வுக்குச் செல்லும். லினக்ஸில் அந்த ஓய்விலிருந்து எழ முடியாமல் நின்றுபோகும் கோளாறு பலருக்கும் வந்தது. மூன்றாம் பகுதியில் சொன்ன அதே வரியின் கடைசியில், சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இன்றி இதைத் தட்டுங்கள்: இன்டெல், அடிக்கோடு, ஐடில், புள்ளி, மேக்ஸ், அடிக்கோடு, சிஸ்டேட், சமக்குறி, 1. இதில் 'சிஸ்டேட்' என்பது சி என்ற ஓர் எழுத்தும் ஸ்டேட் என்ற சொல்லும் சேர்ந்தது. பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும். ஆனால் கணினி நிற்காது.

மற்றொன்று, 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன். இதில் சும்மா இருக்கும்போது ஹேங் ஆனால், பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். அந்த விருப்பம் தெரியவில்லை என்றால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள்.

6. முடியப்போகும் நேரத்தில் நின்றால்

நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்து, இணையமும் இணைந்திருந்தால், மொழிக் கோப்புகளை நிறுவல் நிரல் இணையத்திலிருந்து இறக்க முயலும். வேகம் குறைந்த இணைப்பில் இது முடிவில்லாமல் நீளும். பக்கத்தில் 'ஸ்கிப்' பொத்தான் தெரிந்தால் அழுத்துங்கள். இதைவிட நல்ல வழி, இணையத்தை இணைக்காமலே நிறுவுவது. தமிழ்க் கோப்புகள், மல்டிமீடியா கோடெக்குகள் அனைத்தையும் பிறகு நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் கிரப் என்ற தொடக்க நிரலை எழுதும்போது, கணினியில் வேறு இயங்குதளங்கள் இருக்கின்றனவா என்று எல்லா டிஸ்க்குகளையும் தேடும். பழுதான டிஸ்க்கோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ இணைந்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். நிறுவ வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள்.

நிறுவி முடித்து மறுதொடக்கம் கொடுத்ததும் மின்ட் சின்னத்தோடு நின்றால் பதற வேண்டாம். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும் கட்டம் அது. சில திரைகளில் அந்தச் செய்தி தெரிவதில்லை. பென்டிரைவை எடுங்கள், என்டர் தட்டுங்கள்.

7. விண்டோஸ் நிறுவுவோருக்கு

● இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க் பட்டியல் காலியாக வரும். வி.எம்.டி. என்ற அமைப்பே காரணம். தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் விரித்து வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் கொடுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் வி.எம்.டி.யைப் பயாஸில் மாற்றினால் அந்தப் பழைய விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

● பிரின்டர், வெப்கேமரா, மெமரி கார்டு, இரண்டாம் திரை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள்.

● விண்டோஸ் நிறுவல் நடுவில் தானாகவே சில முறை மறுதொடக்கம் ஆகும். அப்போது பென்டிரைவிலிருந்தே மீண்டும் தொடங்கி, முதல் திரை திரும்ப வந்தால் அது ஹேங் அல்ல. பயாஸில் ஹார்ட் டிஸ்க்கை முதலிடத்தில் வையுங்கள்.

● ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை திறக்கும். திறந்தால் நிறுவல் நிரல் மட்டுமே சிக்கியிருக்கிறது, கணினி அல்ல.

● விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிராசசரில் எஸ்.எஸ்.இ. 4.2, பாப்கவுன்ட் ஆகிய கட்டளைகள் வேண்டும். கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசசர்களில் இவை இல்லை. எந்தக் குறுக்குவழியும் அங்கே பலிக்காது. அத்தகைய கணினிக்கு லினக்ஸே சரி.

8. கடைக்குக் கொண்டுபோகும்போது

பென்டிரைவை மாற்றியாயிற்று, ராமை ஒவ்வொன்றாகச் சோதித்தாயிற்று, டிஸ்க்கின் மூன்று எண்களும் நலம், சூடும் இல்லை. அப்படியும் நிற்கிறது என்றால் மிஞ்சுவது மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., அரிதாகப் பிராசசர். இவற்றை வீட்டில் சோதிக்க மாற்றுப் பாகங்கள் தேவை. இங்கே நிறுத்திக்கொண்டு கடைக்குச் செல்வதே அறிவு.

செல்லும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த இடத்தில் நின்றது, எத்தனை முறை, எதையெதை மாற்றிப் பார்த்தீர்கள், அப்போது என்ன ஆனது. கைபேசியில் எடுத்த படங்களையும் காட்டுங்கள். இது மெக்கானிக்கின் நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் காரணத்தைக் கேளுங்கள், பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இயங்காத டிஸ்க்கிலிருந்தும் தரவை எடுக்க முடியும். உங்கள் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அதில் இருக்கலாம்.